எதிர்க்கட்சி ஏன் சும்மா இருந்தான்?

என்னை வக்கீலாக்கியவன் எதிர்க்கட்சி. இதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குற்றச்சாட்டாகவே சொல்கிறேன்.

தனக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாமல், மற்ற எல்லோருக்காகவும் வாதாடி ஜெயித்த மனிதன் திருச்சி ஜில்லாவில் அவன் ஒருவன்தான். கோர்ட்டில் நமக்கு எதிரே நிற்கிறவரை எதிர்க்கட்சி என்போம். அவன் பிறந்ததிலிருந்தே அங்கேதான் நின்றான். நீங்கள் ஒன்று சொன்னால் அவன் மறுப்பான். அது ஊருக்கு நாலு பேர் செய்கிற காரியம். அவனுடைய வியாதி அதற்கு அப்புறம்தான் தொடங்கும். நீங்கள் பேசிக் களைத்துப்போய், "சரிப்பா, நீ சொல்றதுதான் நியாயம்" என்றால், அந்த நிமிஷமே உங்கள் பக்கம் தாவிவிடுவான். நீங்கள் கீழே போட்ட கட்சியைக் கையில் எடுத்து உங்களையே அடிப்பான்.

ஒரு தடவை ஜங்ஷனில் இறங்கினோம். கோட்டைப் பக்கம் எங்கள் ரூமுக்குப் போக வேண்டும். குதிரை வண்டிக்காரர் கூலி சொன்னார்.

"இதென்னய்யா அநியாயம்? மலைக்கோட்டையைப் பேத்து எடுத்துட்டு வரச் சொன்னமா?" என்றான் எதிர்க்கட்சி.

வண்டிக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தார். அப்புறம், "சரிங்க, பாதி குடுங்க, ஏறுங்க" என்றார். படியில் ஒரு காலை வைத்தவன் காலை எடுத்துவிட்டான்.

"பாதியா? பாதிக் கூலியில குதிரைக்கு எப்படிய்யா புல்லு வாங்குவே? அதோட விலாவைப் பாத்தியா? வீணையாட்டம் நரம்பு நரம்பாத் தெரியுது."

வண்டிக்காரருக்கே தன் குதிரைமேல் இரக்கம் வந்துவிட்டது. முடிவில் நாங்கள் இரண்டு பேரும் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். முழுக் கூலியையும் வாங்கிக்கொண்ட வண்டி, எங்களுக்குத் துணையாகக் காலியாகப் பின்னால் வந்தது.

இப்படிப்பட்டவனோடு நான் வேலை தேடப் போனேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. இரண்டு பேரும் மெட்ராஸில் பி.எல். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தோம். நான் முசிறி, வாழை போடுகிற குடும்பம். அவன் உப்பிலியபுரம். எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் கோர்ட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் கூண்டில் ஏறத்தான் போனார்கள். பி.எல். பாஸ் செய்தால் மட்டும் போதாது. ஒரு சீனியர் வக்கீலிடம் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக உட்கார வேண்டும். உட்கார்ந்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் கறுப்புக் கவுன். சீனியர் கிடைக்காதவனுக்குப் பட்டம், சுவரில் மாட்டுகிற காலண்டர் மாதிரி.

என் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "ரிசல்ட் வர்றதுக்குள்ள ஒரு வக்கீல் ஆபீஸ்ல போய் உக்காரு. இல்லேன்னா பெரியப்பாவோட மணப்பாறை சந்தைக்குக் கிளம்பு."

பெரியப்பா மாட்டுத் தரகர். அந்தத் தொழிலில் வாயைத் திறக்கவே வேண்டாம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடிப்பார்கள். அத்தனை வருஷம் பேசப் படித்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டு நிற்பதா?

சீனியரைப் பிடிப்பதற்கு மனு கினு ஒன்றும் கிடையாது. குளித்து, சலவை வேட்டி கட்டி, காலையில் வக்கீல் வீட்டு வராந்தாவில் போய் நிற்க வேண்டும். நாம்தான் மனு. அவர் மேலிருந்து கீழே படித்துப் பார்ப்பார். என் மார்க்கைக் கேட்ட சீனியரை நான் பார்த்ததில்லை. அப்பாவைக் கேட்டார்கள், தாத்தாவைக் கேட்டார்கள், தாய்மாமன் தாசில்தாரா என்று கேட்டார்கள்.

முதலில் கண்டோன்மெண்டில் ஒருவர். சிவில் பக்கம் பெரிய கை. கார் நிறுத்துகிற இடமே எங்கள் வீட்டுக் களத்தைவிடப் பெரிசு.

"எந்த ஊரு?"

"முசிறிங்க."

"நிலம் இருக்கா?"

"இருக்குங்க."

"நிலம் இருந்தா கேஸும் இருக்கணுமே?"

அப்ரண்டிஸாக வருகிறவன் சீர் மாதிரி ஒரு கேஸைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அவர் கணக்கு. நல்ல வேளையாக என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வரப்புத் தகராறு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். எதிர்க்கட்சி முந்திக்கொண்டான்.

"இருந்துதுங்க சார். பொங்கலுக்கு இவன் ஊருக்குப் போயிருந்தப்ப நான் பேசித் தீத்து வச்சுட்டேன்."

"தீத்து வச்சீங்களா?"

"ஆமாங்க. இப்ப ரெண்டு குடும்பமும் ஒண்ணாத்தான் ஆத்துல குளிக்குது."

அது உண்மைதான். அப்பாவிடம் உட்கார்ந்து சித்தப்பா கட்சியைப் பேசினான். அப்பா இறங்கி வந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போய் அப்பா கட்சியைப் பேசினான். சாயங்காலத்துக்குள் வரப்பு உங்களுக்குத்தான் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வரப்பு இன்றுவரை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

சீனியர் முகம் துக்கச் செய்தி கேட்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "நல்ல கேஸா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்ல கேஸுங்க. முன்சீப் கோர்ட்டு, மேல் கோர்ட்டு, ஹைகோர்ட்டுன்னு பேரன் காலம்வரைக்கும் ஓடியிருக்கும்" என்றான் எதிர்க்கட்சி, அவருக்காகப் பரிதாபப்பட்டு.

"ஊர்ல வேற ஏதாச்சும் கிளம்பினா வாங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்தது ஸ்ரீரங்கம். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு பெரியவர். நெற்றி நிறையத் திருமண், மூக்குநுனியில் கண்ணாடி.

"வாங்கோ. பெருமாள் சேவிச்சாச்சோ?"

"ஆச்சுங்க."

அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ஜரிகைக் கரை அங்கவஸ்திரம் ஒன்று மடித்துப் போட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அது அடியேன் குமாரனுக்கு. அடுத்த வருஷம் பி.எல். பூர்த்தி பண்ணிண்டு வந்துடுவான். ஆசனம் ஒண்ணுதான் இருக்கு. எல்லாம் ரங்கநாதன் திருவுள்ளம்."

அந்தக் குமாரனை எங்களுக்குத் தெரியும். காலேஜில் எங்களுக்கு முன்னால் சேர்ந்தவர், எங்களோடும் படித்தார். நாங்கள் வந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு வரமாட்டார், கிரிக்கெட் மாட்சுக்குத் தவறமாட்டார்.

"சார், உங்க பிள்ளை வக்கீல் தொழிலுக்கு வரக்கூடாதுங்க" என்றான் எதிர்க்கட்சி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவருக்குச் சண்டையே வராதுங்க. அவுட்டானா, பந்து போட்டவன்கிட்ட போய் 'நல்லாப் போட்டே'ன்னு முதுகுல தட்டிக் குடுத்துட்டு வர்ற ஆளு. அவரை நம்பி ஒருத்தன் கேஸைக் குடுத்தா அவன் கதி என்னங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "வாஸ்தவம். நானும் இதைத்தான் சொல்லிண்டிருக்கேன். ஆத்துல காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா" என்றார். தன் கையாலேயே அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர் வந்து உக்காரும்."

என் பின்பக்கம் நாற்காலியை நோக்கிப் பாதி தூரம் இறங்கிவிட்டது.

"அதெப்படிங்க சார்?" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

அவனேதான். "பெத்த அப்பாவே பிள்ளையை இப்படிக் கைவிட்டா எப்படி? சண்டைக்காரன் கடைசிவரைக்கும் வக்கீலாத்தான் இருப்பான். சண்டை வராதவன்தாங்க ஜட்ஜாவான். உங்க பிள்ளை எங்கேயோ போகப் போறாரு. அந்த நாற்காலியைப் போய் யார்கிட்டயோ தூக்கிக் குடுக்கறீங்களே."

உள்ளேயிருந்து ஒரு மாமியின் குரல் கேட்டது. "நன்னாச் சொன்னேள். கேட்டேளா? அந்தப் பிள்ளைக்குப் புளியோதரை கொண்டுவரேன், இருக்கச் சொல்லுங்கோ."

அங்கவஸ்திரம் நாற்காலிக்குத் திரும்பியது. அவன் தொன்னையை வழித்துச் சாப்பிட்டான். நான் நின்றேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது அவனைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். ரிசல்ட் எந்த நாளும் வரலாம். பாக்கியிருந்தது ஒரே ஒரு இடம்.

"நாளைக்குப் பாலக்கரைக்கு நீ வராதே" என்றேன்.

"ஏன், வருவேன்."

"சரி, வா."

"நான் எதுக்கு அங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவன் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

பாலக்கரை வக்கீல் செஷன்ஸ் கேஸ் பார்க்கிறவர். குட்டையான ஆள், பெரிய குரல். அவர் அப்பாவையும் கேட்கவில்லை, தாத்தாவையும் கேட்கவில்லை. நேராக எதிர்க்கட்சியைப் பார்த்தார்.

"ஒருத்தன் தானாக் குடிச்சிட்டு இன்னொருத்தனை வெட்டிட்டான். குடிச்சிருந்தான்னு தண்டனை குறையும். சரிதானே?"

"குறையாதுங்க."

"சரி, குறையாது."

"ஏங்க குறையாது? அவன் பக்கத்தையும் பாக்கணுமில்ல?"

வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டார். அவன் ரெண்டு பக்கமும் நின்று பேசினான். அவர் மேஜையைத் தட்டினார்.

"தம்பி, நீங்க நாளையிலேர்ந்து இங்க வந்து உக்காருங்க. ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு. இவரு வருத்தப்படக் கூடாது."

எனக்கு மணப்பாறைச் சந்தையின் சாணி வாடை பாலக்கரையிலேயே அடித்தது.

"அது சரியா வராதுங்க" என்றான் எதிர்க்கட்சி. "நான் உங்க கட்சிக்காரனுக்காக எந்திரிப்பேன். பப்ளிக் பிராசிகியூட்டர் 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவரு பக்கம் போயிடுவேன். உங்க ஆளைத் தூக்குல ஏத்திட்டுத்தான் உக்காருவேன். இவனுக்கு அந்த வியாதி கிடையாது. ஒரு பக்கம் உக்காந்தா எருமையாட்டம் அங்கேயே கிடப்பான். மூஞ்சி நல்லா இருக்காது. மரியாதையாப் பேச வராது. ஜட்ஜுக்கு இவனைப் பிடிக்காது. ஆனா ஜெயில்ல கிடக்கிறவன் ஒரு தடவை இவன்கிட்ட பேசினா ராத்திரி தூங்குவான். நானே இவனை நம்பித்தாங்க அத்தனை வருஷம் மெட்ராஸ்ல இருந்தேன்."

வக்கீல் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "சரி, அப்ப இவரே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான், நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இனி அவன் தாவ வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஒரே ரூமில் கிடந்தவன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தேன். வக்கீலும் அடுத்த கச்சேரியைக் கேட்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

எதிர்க்கட்சி வாயைத் திறந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான்.

"சரிங்க" என்றான்.

எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அந்த வார்த்தையை அதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பின்னாலும் கேட்டதில்லை. வக்கீலுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவனுக்குச் சீனியர் கிடைக்கவில்லை. அவன் கதை திருச்சி வக்கீல்கள் வட்டாரம் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு பஸ் கம்பெனியில் பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுகிற வேலைக்குப் போனான். உங்கள் புகார் நியாயமானது, இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம் என்று பதில் போட்டானாம். அந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும்? இப்போது நாகபுரிப் பக்கம் ஏதோ மில்லில் இருப்பதாகக் கேள்வி.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் இரண்டு தடவை அவனிடம் கேட்டேன். "எனக்காகத்தானே அன்னைக்கு விட்டுக் குடுத்தே?" என்றேன். "போடா. எனக்கு அந்த ஆளையே பிடிக்கலை. பகல் பூரா அந்தக் குரலை எவன் கேக்கறது?" என்றான். கொஞ்ச நாள் கழித்து, "நீ ஒண்ணும் எனக்காகச் செய்யலை" என்றேன். "நன்றிகெட்ட நாயே, அப்புறம் உன்னை அங்க உக்கார வச்சது உங்க பெரியப்பனா?" என்றான். இவனிடம் எப்படி உண்மையை வாங்குவது? எந்தப் பக்கம் கேட்டாலும் எதிர்ப் பக்கம்தான் பதிலாக வருகிறது. கூண்டில் ஏறிய பெரிய புளுகர்களையெல்லாம் குறுக்கு விசாரணையில் மடக்கிவிட்டேன். இவனிடம் தோற்றேன். உதைப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் ஒரு மனுஷன் எத்தனை வருஷம் இருப்பது?

ஆகவே இங்கே நான் எந்தக் கட்சியையும் எடுக்கவில்லை. நீ விட்டுக்கொடுத்தாய் என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. நீ மறுப்பதற்கு நான் ஒரு வரிகூட வைக்கவில்லை. இந்தப் பத்திரிகை நாகபுரிக்கும் போகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். தினம் கோர்ட்டில் யாராவது என்னை எதிர்க்கத்தான் செய்கிறார்கள். ஒருவனோடாவது சாயங்காலம் சேர்ந்து நடந்து வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பாலக்கரையில் அன்றைக்கு ஏன்டா சும்மா இருந்தே? எனக்குத் தனியாகக் கடிதம் போடாதே, கிழித்துப் போட்டுவிடுவேன். இந்தப் பத்திரிகையில், இத்தனை பேருக்கு முன்னால், உன் சொந்தப் பெயரைப் போட்டுப் பதில் எழுது.