முகாமுக்கு அம்மா வரக்கூடாது

பச்சைத் துண்டு கட்டிலிலேயே கிடந்தது. ஜிண்டோ முகாமுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அவன் அம்மா ரோசிலி அதைக் கையில் எடுத்தாள். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. இருபத்தாறு வயதாகியும் அந்தத் துண்டைக் கன்னத்தில் வைக்காமல் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. இன்றுதான் முதன்முறையாக அம்மா இல்லாமல் வெளியே தங்கப் போகிறான். நாட்டிகைக் கடற்கரையில் இரண்டு நாள் முகாம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அவன் போகும் பகல் மையம் வருஷா வருஷம் நடத்துவது.

ரோசிலி ஓய்வெடுக்கவில்லை. துண்டோடு பஸ் ஏறினாள்.

“அம்மா வரக்கூடாது” என்று காலையில் ஜிண்டோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். “வந்தா இனிமே உன்கூட கேரம் ஆட மாட்டேன்.” சொன்னதைச் செய்கிறவன். போன வருஷம் மாமாவோடு பேச மாட்டேன் என்றான்; இன்றுவரை பேசவில்லை.

முகாம் வாசலில் மையத்தின் ஷெரின் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரோசிலி கொல்லைப்புறமாகச் சுற்றினாள். அங்கே ஒரு ஆள் விளக்குமாற்றை லத்தி மாதிரி பிடித்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தான். காலில் பளபளவென்று பிரவுன் ஷூ.

“இங்க ரொம்ப நாளா வேலை பாக்கறீங்களா?” என்று கேட்டு வைத்தாள்.

அவன் திடுக்கிட்டான். “ஆமா... எங்க அப்பா காலத்துலேருந்து.”

அடுக்களைக் கதவு திறந்திருந்தது. துண்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பெரிய அண்டாவுக்குப் பின்னாலிருந்து சமையல்காரர் வரீது தலையைத் தூக்கினார்.

“வந்தாச்சா? இவ்வளவு லேட்டா? அந்தத் தேங்காயெல்லாம் துருவு மோளே.”

இல்லை என்று சொன்னால் யார் என்று கேட்பார். ரோசிலி உட்கார்ந்து துருவினாள்.

பாதி மூடிதான் துருவியிருப்பாள், ஜன்னலுக்கு வெளியே ஜிண்டோவின் சிரிப்பு கேட்டது. கை கழுவ வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ரோசிலி பதறிப்போய்ப் பச்சைத் துண்டை எடுத்துக் கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

“என்னாச்சு?” என்றார் வரீது.

“பல்வலி.”

“அப்ப அடுப்புச் சூடு ஆகாது. நீ சாப்பாட்டு ஹாலுக்குப் போ. கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறு.”

ரோசிலி வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் பரிமாறினாள். மறு சுற்றில் ஜிண்டோவின் இலைக்கு வந்தாள். வீட்டில் அவள்தான் முள் எடுத்துக் கொடுப்பாள். இங்கே அவன் தன் மீனில் முள் எடுத்து முடித்து, பக்கத்து இலையிலிருந்த பையனின் மீனிலும் எடுத்துக்கொண்டிருந்தான்.

“சேச்சி, கறியில உப்பு கம்மி” என்றான். “எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், அழும்.”

ரோசிலி தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் இதைச் சொன்னதில்லை.

“இந்த மாதிரித் துண்டு என்கிட்டயும் இருக்கு” என்று அவள் முகத்துக்கு நேராக விரலை நீட்டினான்.

அவள் குரலை மாற்றிக்கொண்டாள். “அ... அப்படியா? கொண்டு வரலியா மோனே?”

“வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். துண்டெல்லாம் சின்னப் பசங்களுக்கு.” பிறகு அவளை உற்றுப் பார்த்தான். “பல் ரொம்ப வலிக்குதா? கண்ணுல தண்ணி வருதே.”

“இல்ல, இல்ல.”

“இருங்க. இன்னிக்கு எங்களுக்குப் பல் பாக்க டாக்டர் வந்திருக்காங்க.”

தடுப்பதற்குள் ஓடினான். வெள்ளைக் கோட்டும் முகமூடியும் போட்ட ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கோட்டுக் கை அவள் விரலையும் மூடியிருந்தது. டாக்டர் தயங்கித் தயங்கி டார்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்துத் தன் கண்ணிலேயே அடித்துக்கொண்டாள்.

“துண்டை எடுங்க” என்றாள்.

“எடுக்க முடியாது டாக்டர், காத்து பட்டா கூசும்.”

“அப்போ சரி” என்றாள் டாக்டர், பெரிய நிம்மதியோடு. “உப்புத் தண்ணியில வாய் கொப்பளிங்க.”

ஜிண்டோ ஒப்புக்கொள்ளவில்லை. “அதெல்லாம் போதாது. பிடுங்கிடுங்க டாக்டர். நான் சேச்சி கையைப் பிடிச்சிக்கறேன். பயப்படக் கூடாது சேச்சி. எனக்குப் பிடுங்கும்போது நான் அழவே இல்ல.”

அவன் கை சூடாக, உறுதியாக அவள் கையைப் பற்றியது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே பிடி. ரோசிலிக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

“பாருங்க, எவ்வளவு வலின்னு!” என்றான் ஜிண்டோ ஹால் முழுக்கக் கேட்க. “டாக்டர், குறடு எங்கே?”

டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. “கு... குறடு கார்ல இருக்கு.”

“நான் எடுத்துட்டு வரேன்!”

அவன் கையை விட்டதுதான் தாமதம், ரோசிலி வாளியைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். பின்னால் மொத்த ஹாலும் “சேச்சி, பயப்படாதீங்க!” என்று கத்தியது.

வரீதின் முன்னால் போய் நின்று துண்டை அவிழ்த்தாள்.

“சேட்டா, என்னை எப்படியாவது பஸ்ஸுல ஏத்தி விட்டுடுங்க. எனக்குப் பல்வலி இல்ல. நான் வேலைக்கு வந்தவளும் இல்ல. நான் ஜிண்டோவோட அம்மா!”

வரீது கறியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

“அந்தப் பல் டாக்டர் பேங்க்ல கேஷியர், நிகிலோட அம்மா, வெளிய கூட்டுறவர் போலீஸ் இன்ஸ்பெக்டர், அனகாவோட அப்பா, நான் பெனடிக்டோட தாத்தா. இந்த முகாமுக்கு ஷெரின் டீச்சர் இதுவரைக்கும் ஒரு வேலையாள்கூட வச்சதில்ல மோளே.”