இலையைச் சரிபார்க்கும் ஆசாமி

விருந்துக்குப் பசியோடு போகிறவர்கள் உண்டு, பரிசோடு போகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அது சரிபார்க்கப் போகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலை போட்டதும் மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், இவர் கழுத்தை நீட்டுவார். இலையின் நுனி இடப்பக்கம் இருக்கிறதா, நேந்திரங்காய் உப்பேரி தன் மூலையில் விழுந்ததா, இஞ்சிப்புளிக்கு முந்தி அவியல் வந்துவிட்டதா, பருப்பின் மேல் நெய் விழுமுன் எவனாவது சாம்பார் வாளியோடு தலைகாட்டுகிறானா என்று வரிசையாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் முகம் வாடிப்போவார். குறை கிடைத்தால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

ஒற்றப்பாலம் அச்சுதக் குறுப்பு இந்த இனத்தில் தலையாயவர். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரத்தில் பிழை தேடிய கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. எது முறையான சாப்பாடு? அவருடைய அம்மா பரிமாறியது முறை. மற்றதெல்லாம் பிற்காலத்தில் வந்த கோளாறு. கல்யாணச் சமையல்காரர்கள் அவர் தலையைக் கண்டால், பந்தியை வேறு ஆளிடம் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்கள். மனைவி வத்ஸலா, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்பதை நிறுத்தி இருபத்தாறு வருஷமாகிறது.

ஒரே மகள் நிமிஷாவைக் கண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் விஷு வருஷப்பிறப்புக்குச் சம்பந்தி தேவூட்டியம்மா இருவரையும் அழைத்தார். ரயிலிலேயே வத்ஸலா கணவரிடம், அங்கே வாயைச் சாப்பிட மட்டும் திறக்கும்படி கேட்டுக்கொண்டாள். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனம் என்றுமே குறை வைத்ததில்லை.

நடுப்பகலில் இலை போட்டார்கள். தேவூட்டியம்மா பரிமாறினார். நிமிஷா சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றாள். குறுப்பு பூசணியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஓலனைத் தொட்டு நாக்கில் வைத்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகும் கொதிக்கவிட்டிருக்கிறார்கள், லேசாகத் திரிந்திருக்கிறது என்றும் சொன்னார்.

தேவூட்டியம்மா உடனே, அது என் கைப்பிசகு, பேச்சு சுவாரசியத்தில் அடுப்பை மறந்துவிட்டேன் என்றார். தயிர்க்குழம்பான காளனில் புளிப்பு தூக்கல் என்றார் குறுப்பு. தயிரைப் பார்க்காமல் எடுத்ததும் தன் தப்புதான் என்றார் அந்த அம்மா. அவியலில் காய்கள் ஒரே நீளத்தில் இல்லை. வயசாகிவிட்டது, கத்தி முன்னைப்போல் பிடிபடவில்லை என்றார். இப்படிக் கேட்டுக்கொள்ள ஆள் கிடைத்தால் குறுப்பு விடுவாரா? பச்சடியின் கடுகைப் பற்றித் தனியாக ஒரு பேச்சு நடந்தது. வத்ஸலா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் தேவூட்டியம்மா பொரித்த நெய்மீன் தட்டோடு வந்தார். குறுப்பு இரண்டு கைகளாலும் இலையை மறைத்தார்.

"விஷு இலையில மீனா?"

"எங்க பக்கம் வழக்கம் இதுதான், நிமிஷா அச்சா. மீன் இல்லேன்னா எங்க ஆளுங்க விஷுவே வரலேன்னு சொல்லிடுவாங்க."

கைப்பிசகைப் பொறுக்கலாம், ஆனால் இது வீட்டுப் பழக்கத்திலேயே உள்ள பிசகு, நல்ல நாள் எது என்று தெரிந்த இடத்தில் இப்படி நடக்காது என்று குறுப்பு சொல்லிவிட்டார். தட்டு தேவூட்டியம்மா கையிலேயே நின்றது. வத்ஸலா கண்ணை மூடிக்கொண்டாள்.

நிமிஷா வாசலை விட்டு அப்பாவிடம் வந்தாள். குரல் உயரவில்லை.

"அச்சா, மீன் ஒண்ணுதான் அத்தை பொரிச்சது. மத்ததெல்லாம் நான். யாரையும் அடுப்புக்கிட்ட விடல, நீங்க வர்றீங்கன்னு."

குறுப்பு மகளை நிமிர்ந்து பார்த்தார். பெற்ற அப்பா முன்னால் பெண் தலைகுனியக் கூடாதென்று ஒரு மாமியார் ஒவ்வொரு குறையையும் தன் தலையில் வாங்கி வைத்திருக்கிறார். பத்து இலைக்கு அப்பால் பப்படம் இடம் மாறி விழுந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, எதிரே நடந்த இது தெரியவில்லை. மகளின் விரலில் சுட்ட கொப்புளம் இருப்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

இலையிலிருந்து கையை எடுத்தார்.

"வைங்க தேவூட்டியம்மா. நான் பேசினது தப்பு."

வத்ஸலா கண்ணைத் திறந்து பார்த்தாள். முப்பது வருஷத்தில் 'தப்பு' என்ற வார்த்தையைக் கணவர் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

தேவூட்டியம்மா ஒரு துண்டு வைத்தார்; சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொன்றும் வைத்தார். குறுப்பு முள் மட்டும் மிஞ்சும்படி தின்றார். பிறகு ஓலன் கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை நிமிஷா பாத்திரத்தையே தூக்கி வந்து, அதுதான் திரிந்துபோயிற்றே அச்சா என்றாள். அவர் நிமிராமல், பேசாமல் ஊற்று என்றார். அவள் ஊற்றினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? பத்து நாள் கழித்து ஷொறணூரில் ஒரு கல்யாணம். சுத்த சைவப் பந்தி. குறுப்பு இலையை நிதானமாகப் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்தவர்கள் நெய்மீனை எந்த மூலையில் வைப்பார்கள் என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் பாயசத்துக்குக்கூட நிற்காமல் எழுந்துபோனார்.

நீங்கள் அப்படி இல்லை, தெரியும். கடைசியாக இன்னொரு வீட்டில் சாப்பிட்டு எழுந்தபோது "பிரமாதம்" என்றுதானே சொன்னீர்கள்? அதோடு நிறுத்திக்கொண்டீர்களா? இல்லை, கை கழுவுவதற்குள் "ஆனா..." என்று ஒன்றைச் சேர்த்தீர்களா? சமைத்தது யார் என்று விசாரித்துவிட்டா சேர்த்தீர்கள்?