கூறைப்புடவையில் விழுந்த சூரியன்

படித்த படிப்பை உடனே யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு இருக்கிறதே, அது சிரங்கைவிட மோசம். சிரங்குக்காவது களிம்பு உண்டு. எனக்கு அந்த அரிப்பு உச்சந்தலைக்கு ஏறியிருந்தது யுத்த காலத்தில். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் வேலை கிடைத்த கையோடு பெரம்பலூரில் பெண்ணும் நிச்சயமாகிவிட்டது. அப்புறம் மனுஷன் தரையில் நடப்பானா?

சீர்த்தட்டில் பெண்ணுக்குக் கண்ணாடி, சீப்பு, குங்குமச் சிமிழ் வைப்பது எங்கள் வழக்கம். அக்கா செல்லம்மா ஒழுங்கான கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். நான் அதை ஓரங்கட்டிவிட்டு, திருச்சிக்குப் போய் ஒரு குழியாடி வாங்கி வந்தேன். உள்பக்கம் லேசாகக் குழிந்த, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, என் மூக்கு கத்திரிக்காயாட்டம் தெரியுது?"

"அதான்க்கா விசேஷமே. இதோட குவியத் தூரம் பன்னெண்டு அங்குலம். எட்டு அங்குலத்துல முகத்த வச்சா பிம்பம் மூணு மடங்கு."

"பொண்ணு பயந்துடப் போவுது."

கேட்டேனா? (கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை ஏது?)

கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில், மேடு வந்தபோதெல்லாம் இறங்கி நடந்து, ஒருவழியாகப் பெரம்பலூர் சேர்ந்தோம். கண்ணாடி என் மடியில். கூறைப்புடவை அக்கா மடியில். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த நாள் அது. கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, தெரிந்தவர் கையைக் காலைப் பிடித்து வாங்கிய அரக்குப் பட்டு. அது போனால் மாற்றுப் புடவை கிடையாது.

பந்தலுக்கு வெளியே ஜமக்காளம் விரித்துத் தட்டுகளை இறக்கினார்கள். பெண்ணின் தாய்மாமன் வந்து வாங்கினால்தான் தட்டு வீட்டுக்குள் போகும். அவரோ சிறுவாச்சூர் அம்மனைக் கும்பிடப் போனவர் இன்னும் திரும்பவில்லை. சும்மா உட்கார என்னால் முடியுமா? கண்ணாடியைத் தேங்காய்மேல் சாய்த்து, தெருவைப் பார்க்க நிமிர்த்தி வைத்தேன். அதற்கு முன்னால் இருந்த தட்டில் புடவை.

சற்று நேரத்தில் பெரிய கூட்டம். தள்ளி நின்ற பெண்கள் தங்கள் முகம் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து அலறினார்கள். நான் வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். "பயப்படாதீங்க. நாலு அடி தள்ளி நின்னா பிம்பம் கண்ணாடிக்கு முன்னால பதினாறு அங்குலத்துல விழும். மூணுல ஒரு பங்கு, தலைகீழா. கிட்ட வாங்க, நிமிந்துடும்." கிட்ட வந்தார்கள், நிமிர்ந்தது. ஆகா, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தாலி கட்ட வந்ததே மறந்துபோயிற்று.

"மாமன் வந்தாச்சு" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சடாரென்று விலகி அவரை வரவேற்க ஓடியது. அதுவரை கண்ணாடிமேல் வெயில் படாமல் மறைத்திருந்தது அந்தக் கூட்டம்தான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

முதலில் வந்தது மயிர் பொசுங்கும் நாற்றம். மாமன் தன் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மேளக்காரர் தன்னுடையதைத் தடவினார். அதற்குள் அக்கா பாய்ந்து புடவையைக் கையால் தேய்த்தாள். பட்டு பொசுங்கினாலும் அதே நாற்றம்தானாம். மேல் மடிப்பில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக ஓர் ஓட்டை.

மேளம் நின்றது. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கூறையில நெருப்பு விழுந்திருக்கு. இந்தத் தட்டை நான் எப்படி வாங்குறது? வேற கூறை வரட்டும். இல்லாட்டி வந்த வழியே கிளம்புங்க."

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்க வேண்டும். நான் ஜிப்பாப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து (கல்யாணத்துக்கும் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்) ஓட்டையை அளந்தேன். ஏனென்றால் அது வெறும் ஓட்டை இல்லை. கண்ணாடி வரைந்த சூரியனின் படம். விட்டம் ஓர் அங்குலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. கண்ணாடியிலிருந்து தூரம் பன்னிரண்டு அங்குலம். அதாவது ஓட்டையைப்போல நூற்றெட்டு மடங்கு. (அர்ச்சனைக்கும் அதே கணக்குதான்.) அப்படியானால் சூரியனின் தூரமும் சூரியனின் குறுக்களவைப்போல நூற்றெட்டு மடங்கு. ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைலை நூற்றெட்டால் வகுத்து, தரையில் விரலால் எழுதிக் கூட்டிக் கழித்துத் துள்ளி எழுந்தேன்.

"மாமா, எட்டு லட்சத்து அறுபத்தோராயிரம் மைலுங்க. சூரியனோட குறுக்களவு. புஸ்தகத்துல போட்டிருக்கிறதுக்குக் கிட்டத்தட்ட அப்படியே வருது."

மாமன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பிக்கு இது அடிக்கடி வருங்களா?"

"சத்தியமா இன்னைக்குத்தாங்க முதல் தடவ" என்றாள் அக்கா. அழுதுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு நிலைமை புரிந்தது. மாமன் முகத்தில் சிரிப்பில்லை. பஸ்ஸடியிலிருந்து எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரர் மாட்டைப் பூட்டவே போய்விட்டார். கல்யாணம் கைநழுவுகிறது, அதுவும் என்னாலேயே. அவமானத்தில் காது சுட்டது.

உள்ளேயிருந்து ஆட்கள் வந்து அக்காவைப் புடவையோடு கூப்பிட்டுப் போனார்கள். திரும்பி வந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனிடம் சொன்னாள். "பொண்ணே பாத்துடுச்சுங்க. கொசுவத்த நாலு விரக்கடை தள்ளி வச்சா ஓட்டை உள்ள மறைஞ்சிடுமாம். அதையே கட்டிக்குதாம். மாமனத் தட்ட வாங்கச் சொல்லுச்சு. மாப்பிள்ளைய அந்தக் கண்ணாடியக் கவுத்து வைக்கச் சொல்லுச்சு."

மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். மருமகள் சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை போலும். தட்டை வாங்கினார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத அந்தப் பெண் தனபாக்கியத்தின்மேல் அந்த நிமிஷமே உயிரை வைத்துவிட்டேன். கண்ணாடியைக் கவிழ்த்து, அதன்மேல் நானே உட்கார்ந்துகொண்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோசை கருகினால், "மாப்பிள்ளை எதையோ அளக்கிறாரு போல" என்பார்கள். புதிதாகச் சம்பந்தம் பண்ண வருகிறவர்களுக்கு அந்தப் புடவையை எடுத்துக் காட்டாமல் தனபாக்கியம் காபி கொடுப்பதில்லை. ஓட்டைமேல் சுண்டுவிரல் நுனியை வைத்துக்கொண்டு சொல்வாள்:

"இவரு சாமர்த்தியத்தக் கொறை சொல்லாதீங்க. ஒம்பது கோடி மைலுக்கு அந்தாண்ட இருக்குற சூரியன இங்கருந்தே அளந்துட்டாரு. ஒரு அடி தள்ளி இருந்த என் புடவதான் கண்ணுல படல."