வாய் போருக்கு, பை சமாதானத்துக்கு

சத்தம் போடுகிற மனிதர்களில் பல வகை உண்டு. அதில் ஒரு வகை எங்கள் ஊரில்தான் கொத்துக் கொத்தாக விளைகிறது: வாயால் போருக்கு முழங்கிவிட்டு, பையிலிருந்து சமாதானத்துக்குக் காசு கொடுக்கும் வகை. ராணுவ முகாமின் வாசலுக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். இவர்கள் தலையை என் கையால் குனிய வைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அடையாளம் காண்பது சுலபம். நெஞ்சு முதலில் உள்ளே வரும், ஆள் பின்னால் வருவார். வண்டியில் ஒரு கழுகுப் படம், புஜத்தில் ஒரு கழுகு, சாவிக்கொத்தில் இன்னொரு கழுகு. சார்ஜன்ட் ராய்ஸ் டில்லார்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். நான்கு முறை போர்முனைக்குப் போய் வந்தவர், முப்பது பையன்களுக்குத் தலைவர். தேர்தல் வேட்பாளர் ஒருவர் டிவியில் தோன்றி, "படைகளை வீட்டுக்கு அழைத்து வருவேன்" என்றால் போதும்.

"இவன ஜனாதிபதியாக்குனா துப்பாக்கியப் புடுங்கிட்டுப் பூங்கொத்தக் குடுத்துருவான்! சைலஸ் அண்ணே, சேனல மாத்துங்க. இல்லேன்னா பாதித் தலையோட எந்திரிச்சுப் போயிருவேன்!"

மாற்றுவேன். அவர் வீட்டுக்குப் போய், அதே வேட்பாளருக்கு மாதாமாதம் முதல் தேதி இருபத்தைந்து டாலர் அனுப்புவார்.

ஏன் இந்த வேஷம்? அவருடைய மகன் படையில் சேர்ந்துவிட்டான். அக்டோபரில் போர்முனைக்குக் கிளம்புகிறான். அதற்குள் போரே நின்றால் தேவலை என்று அப்பாவுக்குத் தோன்றியது. ஆனால் அது வெளியே தெரிந்தால் அந்த முப்பது பையன்களும் அவரைக் கோழை என்று நினைத்துவிட மாட்டார்களா? பாவம் மனிதர், அந்தப் பயத்திலேயே இன்னும் உரக்கக் கத்தினார்.

சொந்தக் காசை எந்த வேட்பாளருக்குக் கொடுத்தாலும் ராணுவம் தடுப்பதில்லை. ஆனால் மொத்தம் இருநூறு டாலரைத் தாண்டினால், கொடுத்தவர் பெயர் ஊரே பார்க்கும் பட்டியலில் ஏறிவிடும். டில்லார்ட் சாமர்த்தியமாகச் சிறுகச் சிறுகத்தான் அனுப்பினார். ராணுவ ஒழுங்கு விடுமா? ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்பி, ஒன்பதாவது மாதம் தாண்டிவிட்டார். போதாததற்கு, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் விடுப்பு விண்ணப்பமே திரும்பி வந்துவிடும் உத்தியோகம் அவருடையது. இருபது வருடம் அப்படிப் பழகிய கை, நன்கொடைப் படிவத்தில் "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கட்டத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? தரைப்படை, பதவி, படைப்பிரிவின் பெயர் எல்லாவற்றையும் நிரப்பினார். ரத்தப் பிரிவைத்தான் எழுதவில்லை, அதற்குக் கட்டம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டில்லார்ட் நாற்காலியில் இருந்தார். அவருடைய பையன்கள் ஐந்து பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அவருக்கு மேலதிகாரியும், கத்துவதில் அவருக்கே ஆசானுமான ஹெக்டர் ஒகாசியோ உள்ளே வந்து, அவர் காதருகே குனிந்தார். மெதுவாகப் பேசுவது அவருக்கு வராத வித்தை.

"டில்லார்ட், பட்டியல்ல உன் பேரப் பார்த்தேன்யா."

"எந்தப் பட்டியல்?"

"அந்தப் பூங்கொத்துக்காரனுக்குக் காசு குடுத்தவங்க பட்டியல்."

என் கையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. டில்லார்ட் கண்ணாடியில் தன் பையன்களைப் பார்த்தார். பிறகு பாதித் தலையோடு எழுந்து நின்றார்.

"என் புள்ள அக்டோபர்ல போறான் ஐயா. நான் நாலு தடவ போயிட்டேன், அஞ்சாவதாவும் போறேன். அவன் போக வேணாம்னு தோணுச்சு. கோழைன்னு சொல்லணும்னா சொல்லிட்டுப் போங்க." சட்டென்று அவருக்கு ஏதோ உறைத்தது. "ஆமா, அந்தப் பட்டியல்ல உங்களுக்கு என்ன வேல?"

ஒகாசியோ தொப்பியை இரண்டு சுற்று சுற்றினார்.

"என் பேரு வந்திருச்சான்னு பார்க்கப் போனேன். ஏபிசிடி வரிசையில நீ முன்னாடி நின்ன."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்த ஐந்து பேரும் மெல்லக் கைபேசியை எடுத்து அவரவர் பெயரைத் தேடினார்கள். இரண்டு பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மூன்று பேர் விடவில்லை.

"நாளைக்குக் காலைல அணிவகுப்புல என்ன ஐயா செய்யறது?" என்றார் டில்லார்ட்.

"வழக்கம்போலக் கத்து. நானும் கத்துறேன்."

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். முதலாளி புதுத் திட்டத்தை அறிவித்ததும் முதலில் கைதட்டியது யார்? அது உருப்படாது என்று வீட்டில் சோற்றுத் தட்டின் முன் சொன்னது யார்? உங்கள் பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கிறது. படிக்கிறவன் இன்னும் உங்கள் எழுத்துக்கு வரவில்லை.

என் பெயரா? கடை வாசலில் 'வெற்றி நமதே' என்று பலகை மாட்டியிருப்பவன் பெயரை அந்தப் பட்டியலில் எதற்குத் தேடுகிறீர்கள்? நான் எட்டாவது மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.