ஒற்றை ஆளாகப் பிரேக்கில் ஏர் எடுப்பது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு நான் நலம். உன் கணவரும் நலமாகத்தான் இருக்க வேண்டும். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, வாய் திறந்து கேட்கும் நிலையில் நான் இல்லை. உன் அம்மா உன் அக்கா வீட்டில் பேரனைக் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதுமாகச் சுகமாக இருக்கிறாள். நீயும் விடுதியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உன் டயாலிசிஸ் பாடங்களை நன்றாகப் படித்து, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் போட்டால் ரெண்டாவது வார்த்தையே "அவர்கிட்ட குடுங்கப்பா" என்கிறாய். பேச்சே இல்லாத மனிதரிடம் போனை மட்டும் எந்த முகத்தோடு நீட்டுவது? அதனால்தான் கடிதம்.

முதலில் முக்கியமான விஷயம். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் எனக்குப் புத்தகத்துல மனசே ஓடாதுப்பா. இப்படியே இருந்தீங்கன்னா பரீட்சையை விட்டுட்டு வந்துடுவேன்" என்று அழுதாயே, அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிடு. இந்தப் படிப்புக்கு இடம் கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேர் வீம்புக்கு உன் படிப்பு பலியாகக் கூடாது. அதற்கு நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வீட்டிலேயே, ஒற்றை ஆளாக, கார் பிரேக்கில் ஏர் எடுக்க எந்த டூல் நல்லது? சிரிக்காதே. ரத்தம் போகிற டியூபில் ஒரு குமிழி வந்தாலும் மெஷின் கத்தும் என்று நீதானே சொன்னாய்? பிரேக்கும் அதே கதைதான். குழாயில் ஆயில் மட்டும் இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். காற்று புகுந்துவிட்டால் பெடல் பொதபொதவென்று அடிவரைக்கும் இறங்கும், வண்டி நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

அப்படி அது யோசித்த ஒரு நாளில்தான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் லேசாகப் பட்டது. லேசாகத்தான். பின் விளக்கு ஒன்று உடைந்தது, தூணில் கொஞ்சம் சிமெண்ட் பூச்சு பெயர்ந்தது, அவ்வளவுதான். நான் இறங்கி, "பிரேக் பிடிக்கலை மாப்பிள்ளை" என்றேன். அவர் தூணைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிறகு தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். "பிரேக்ல ஒண்ணும் இல்ல மாமா, கண்ணுதான். நாளைக்குக் கடைக்கு வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பம்ப் ஹவுஸில் பிரஷர் மீட்டரின் முள் அசைவதைப் பார்த்துப் பார்த்தே ஊர் முழுக்கத் தண்ணீர் விட்டவன் நான். என்னைப் போய்க் கண் தெரியாதவன் என்றால் எப்படி இருக்கும்? "கடையில வியாபாரம் இல்லன்னா சொல்லுங்க மாப்பிள்ளை, தெருவுல நாலு பேரைப் பிடிச்சு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு மூடிய வாய்தான் இரண்டும்.

இப்போது இந்த வீட்டில் பேச்செல்லாம் சாமான்களோடுதான். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்து, "பால் தீர்ந்துபோச்சு" என்கிறார். நான் காலண்டரைப் பார்த்து, "சில பேருக்கு பாத்ரூம் லைட்டை அணைக்கத் தெரியாது" என்கிறேன். ஃபிரிட்ஜும் காலண்டரும் எவ்வளவோ பொறுமையாகத்தான் இருக்கின்றன.

கண்ணில் கோளாறு இல்லை, பிரேக்கில்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றால் ஏர் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடின பிறகுதான் பெடலில் இருக்கிற காலை எடுக்கலாம், முன்னாடியே எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். உன் அம்மா இருந்தால் அவள் அழுத்துவாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் ஒற்றை ஆளுக்கு ஏதாவது டூல் இருக்கிறதா என்று கேட்டேன். "வீட்ல யாருமே இல்லையா சார்? ஒரு கால் போதுமே" என்றார். "யாரும் இல்லை" என்றேன். சொல்லிவிட்டு வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. ஆள் இருந்தும் இல்லை என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று கஷ்டமாகத்தான் இருந்தது.

முதலில் வாங்கி வந்தது ஒரு பாட்டிலும் டியூபும். சாதாரணமானது. உள்ளே போய்ப் பெடலை அழுத்த நான், வெளியே வந்து நிப்பிளைத் திறக்கவும் நான். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருப்பது? மாப் கம்பை எடுத்துப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டு வந்து நிப்பிளைத் திறந்தேன். பெடல் இறங்கிற்று, கம்பு நழுவிற்று, நேராக ஹாரன் மேல் போய்ச் சாய்ந்தது. நான் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வருவதற்குள் தெருவே எட்டிப் பார்க்கிறது. எதிர்வீட்டுத் தையற்கார அம்மா, "யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார். "யாரையும் கூப்பிடலைம்மா" என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அடுத்தது வால்வு வைத்த டியூப். ஆயிலை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. வால்வைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே! மத்தியானம் உன் வீட்டுக்காரர் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நாலு சக்கரத்தையும் நிதானமாக முடித்தேன். பெடல் கெட்டியாக நின்றது பார், சந்தோஷத்தில் காலண்டரிடம் கூடச் சிரித்துப் பேசினேன். மறுநாள் மத்தியானம் மிதித்தால் பழையபடி பொதபொத. மேலே ஆயில் டப்பாவைத் திறந்தால், நிரப்பி வைத்த ஆயில் பாதிக்குக் கீழே கிடக்கிறது! கடைக்குப் போய், வால்வு போலி என்று சத்தம் போட்டேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லையே சார்" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே பிரஷர் டாங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை ஆயில் டப்பாவின் வாயில் மாட்டிப் பம்ப் அடித்தால், பெடலைத் தொடாமலே அழுத்தம் கிடைக்கும். பம்ப் ஹவுஸ் ஞாபகம் வந்து ஆசையாகக் கொஞ்சம் கூடவே அடித்துவிட்டேன். மூடி பொருந்தாமல் ஆயில் பீறிட்டு பானெட்டெல்லாம் தெறித்தது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியும் ஓரிடத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, மூடியைச் சரியாகத் திருகி வேலையை முடித்தேன். பெடல் நின்றது. மறுநாள் மறுபடியும் இறங்கிவிட்டது. என்ன வண்டியோ, பேய் பிடித்த வண்டி!

இதற்கு நடுவில் உன் வீட்டுக்காரரின் போக்கு வேறு பிடிபடவில்லை. காலையில் நான் நடந்துவிட்டு வருவதற்குள் சோப்பைப் பாதி கரைத்து வைத்திருக்கிறார். கண்ணாடி துடைக்கிற மனிதருக்கு நகக்கண்ணில் அவ்வளவு கறுப்பு எதற்கு? துவைக்கப் போட்ட பேன்ட்டில் முட்டியெல்லாம் எண்ணெய்க் கறை. கேட்கலாம், ஆனால் யார் கேட்பது? காலண்டரிடம் கேட்டேன், அதற்கும் தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு உள்ளூர உதறல். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் ஒரு அட்டையில் "பிரேக் சரியில்லை, எடுக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தேன். மறுநாள் பார்த்தால், அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் "நீங்களும்" என்று ஒரு வார்த்தை. என் கண்ணைத்தான் மறுபடியும் குத்திக் காட்டுகிறார், வேறென்ன! பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறவருக்கு இந்தக் கொழுப்பு இருக்கக் கூடாது.

ஆக இப்போது பாக்கி இருப்பது ஒரே டூல், வாக்குவம் கைப்பம்ப். கீழே நிப்பிளில் மாட்டி ஆயிலையும் காற்றையும் உறிஞ்சி எடுப்பது. கடையில் இருந்த ஒன்றையும் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "பார்த்தா படிச்சவர் மாதிரி இருந்தார் சார், அவருக்கும் வீட்ல கூட ஆள் இல்லையாம்" என்றார் கடைக்காரர். பாவம், யார் பெற்ற பிள்ளையோ. வேறு கடையில் தேடலாமா, வால்வு டியூபையே புதிதாக இன்னொன்று வாங்கலாமா, நீ சொல். குமிழி விஷயத்தில் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இனி என் முடிவு. மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே கூரையின் கீழ் ஒத்துவராது. உன் அம்மா திரும்பி வர வேண்டாம், நானே அங்கே போய் உன் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன். வீடும் வண்டியும் உங்களுக்கு. பிரேக்கை மட்டும் சரிசெய்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், அரைகுறை பிரேக்கோடு வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. நான் போய்விட்டால் சண்டை போட ஆள் ஏது? ஆகையால் நீ வராதே. பரீட்சையை எழுது.

எல்லாக் கேள்விக்கும் உனக்குப் பதில் தெரிந்திருக்கட்டும், எழுதும் கை ஓயாமல் இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் அப்பா.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் நம்பாதே. திருப்பி எழுத நேரமில்லை. தையற்கார அம்மா தபால் நிலையத்துப் பக்கம் போகிறாராம், கடிதத்தை வாங்கிக்கொள்ள கேட்டில் நிற்கிறார்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போய், வலதுபக்கச் சக்கரத்தருகே படுத்தேன். இடதுபக்கம் ரெண்டு கால் தெரிகிறது! இன்றைக்குக் கடைக்கு லீவாம். எனக்கு யார் சொன்னார்கள்? உன் வீட்டுக்காரர்தான், கையில் வாக்குவம் பம்ப்பை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். நான் நடக்கப் போகிற காலை நேரமெல்லாம் இவரும் ஏர் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மத்தியானம் சரிசெய்ததை இவர் காலையில் உறிஞ்சி, மேலே ஆயில் தீர்ந்ததைக் கூடப் பார்க்காமல் புதுக் காற்றை இழுத்து விட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலை?" என்று கேட்டுவிட்டேன். ஆமாம், நேராக அவரிடமேதான்.

"அன்னிக்கு ராத்திரியே பெடலை மிதிச்சுப் பார்த்தேன் மாமா. நீங்க சொன்னதுதான் சரி. அதைச் சொல்ல வாய் வரலை. வண்டியை எடுத்துடுவீங்களோன்னு பயமா வேற இருந்துச்சு. சத்தம் போடாம சரிபண்ணி வெச்சிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

நான் கார்க் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போய் உட்காருங்க, பெடலை அழுத்துங்க" என்றேன். முதல் சக்கரத்தில் டியூபைப் பார்த்து, "காத்து நின்னுடுச்சு, மூடறேன்" என்றேன். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மூடாதீங்க மாமா, அதோ வரிசையா குமிழி போகுதே!" என்கிறார். நான் உற்று உற்றுப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிரேக்கும் சரியில்லை, கண்ணும் சரியில்லை. நாளைக்குக் கடைக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவே இல்லை, அவ்வளவு நல்ல மனிதர்.

அறை பார்க்கவில்லை, எங்கும் போகவில்லை. நீ நிம்மதியாகப் பரீட்சை எழுது. மூன்று சக்கரம் முடிந்துவிட்டது. நாலாவதை ஆரம்பித்தபோதுதான் தையற்கார அம்மா கூப்பிட்டார். "அழுத்திப் பிடிங்க மாப்பிள்ளை, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அவரையும் உனக்கு ரெண்டு வரி எழுதச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஷெட்டிலிருந்து "மாமா... விடலாமா?" என்று மூன்றாவது தடவையாகக் குரல் வருகிறது. கால் மரத்துப்போயிருக்கும், பாவம். நான் போகிறேன்.