சூரிய அடுப்பில் விளைமீன்

நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிய அன்று காலை, என் மனைவி பத்மாசினியின் கண்களை விறகுப் புகையிலிருந்து காப்பாற்றுவதென்று நான் முடிவெடுத்தேன். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மீன் வேண்டும்.

எங்கள் வீட்டு நிலைமை அப்படி. நல்லூர்த் திருவிழா தொடங்கினால், தேரும் தீர்த்தமும் முடிந்து கொடி இறங்கும்வரை கோப்பாயில் எங்கள் வீட்டு வளவுக்குள் மச்சம் வராது. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம்தான். மச்சம் காய்ச்சுகிற சட்டிகளைப் பத்மாசினி சாம்பல் போட்டு மினுக்கி, சாக்கில் கட்டி, கிணற்றடிக் கொட்டிலுக்குள் ஏற்றிவிடுவாள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். போகிற போக்கில் என் மேலும் கொஞ்சம் தெளிப்பாள். அதன் பிறகு பயற்றங்காய், பருப்பு, பூசணிக்காய். மறுநாள் பூசணிக்காய், பருப்பு, பயற்றங்காய்.

எனக்கும் முருகனுக்கும் ஒரு சண்டையும் இல்லை. நான் மீன் சாப்பிடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் என்னிடம் நேரில் சொன்னதும் இல்லை. எல்லாம் பத்மாசினி வழியாகத்தான் வந்து சேருகிறது.

கடையில் சாப்பிடலாமே என்பீர்கள். நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தியார். கோப்பாயிலிருந்து மருதனார்மடம் வரை எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும், வாழையிலை போட வருகிறவன் என்னிடம் அடி வாங்கியவனாக இருப்பான். நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிடும்.

அடுத்த வளவுக் கிறிஸ்துநாயகம் வேதக்காரர். அவருக்கு விரதம் இல்லை. ஆனால் அவருடைய மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய்விட்டார். மனிதருக்குத் தேத்தண்ணி வைக்கவும் தெரியாது. அவருக்கு மீன் வாங்க முடியும், காய்ச்சத் தெரியாது. எனக்குக் காய்ச்சத் தெரியும், வாங்க முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு பேரும் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. குசினி பத்மாசினியுடையது. அடுப்பு அவளுடையது. விறகு, சட்டி, அகப்பை எல்லாம் அவளுடையவை. சூரியன் மட்டும் இன்னும் அவள் கைக்குப் போகவில்லை. சூரியனை வைத்துச் சமைத்தால் புகை இல்லை, நெருப்பு இல்லை, குசினிக்குள் கால் வைக்கத் தேவையும் இல்லை. மூடி போட்ட சட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

யூடியூப் பார்த்தேன். ஒரு பலகைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து, நடுவில் தென்னந்தும்பை அடைத்தேன். உள்ளே கறுப்புத் தகரம். மேலே பழைய அலுமாரிக் கண்ணாடி. வெயிலைப் பிடித்து உள்ளே தள்ள, மினுங்கல் தாள் ஒட்டிய ஒரு மூடி. சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்றென்று இரண்டு புதுச்சட்டிகளுக்கும் கறுப்பு மை பூசினேன். கறுப்பு வெயிலைக் குடிக்கும். இது எட்டாம் வகுப்புப் பாடம்.

"இஞ்சாரும், இனி நீர் புகைக்குள்ளை நிண்டு கண்ணைக் கசக்கத் தேவையில்லை."

"ஏன், நீங்கள் சமைக்கப் போறியளோ?"

"சூரியன் சமைக்கும்."

"சூரியன் தேங்காய் திருவுமோ?"

"பகிடியை விடும். உலகத்திலை எத்தினை ஏழை நாடுகளிலை பொம்பிளையள் விறகுப் புகையைக் குடிச்சு நெஞ்சு வருத்தம் வந்து சாகினம் தெரியுமோ? காடெல்லாம் விறகாப் போகுது. ஆபிரிக்காவிலை..."

"ஆபிரிக்காவை விடுங்கோ. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நான் இந்தக் குசினியிலைதான் இருமுறன். உங்கடை உலகப் படத்திலை கோப்பாய் இல்லையோ?"

அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. காஸ் தட்டுப்பாடு வந்த காலத்தில் திரும்ப விறகுக்குப் போனவள், காஸ் வந்த பிறகும் பனைமட்டையையும் தென்னம்பாளையையும் விடவில்லை. அவள் இருமுவதை நான் கேட்டுக்கொண்டுதான் பேப்பர் வாசித்தேன். ஆனால் விளைமீனை ஒருமுறை நினைத்தேன். வெட்கம் போய்விட்டது.

முதல் நாள் சோறு வைத்துக் காட்டினேன். வளவின் நடுவில் பெட்டி. வெயில் நகர நகர நானும் பெட்டியைத் திருப்பினேன். மத்தியானம் பத்மாசினி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"அவிஞ்சிருக்கு," என்றாள்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போய்ச் சொன்னேன். கிராமசேவகருக்குச் சொன்னேன். வாசிகசாலையில் சொன்னேன். பஸ்சுக்கு நின்றவர்களுக்கும் சொன்னேன். பெட்டிக்குப் பெயர் வந்துவிட்டால் பிறகு அதைச் சந்தேகப்பட ஆள் இருக்காது என்பது என் கணக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்மாசினி காலைப் பூசைக்கு நல்லூர் போனாள். பஸ் கண்ணுக்கு மறைய, வேலிக்கு மேலால் ஒரு பை வந்தது.

"மாஸ்ரர், வெட்டித் துப்பரவாக்கித்தான் கொண்டந்தனான். நல்ல விளைமீன். என்ரை பங்கை மறந்திடாதேங்கோ."

"மெல்லக் கதையும். மதிலுக்கும் காது இருக்கு."

"இது கிடுகு வேலி மாஸ்ரர்."

"அதுக்கு இன்னும் கூடக் காது இருக்கு."

தூள் போட்டேன். பழப்புளி கரைத்தேன். தேங்காய்ப்பால் விட்டேன். கருவேப்பிலை போட்டேன். சட்டியை மூடிப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினேன். வெயில் கொளுத்தியது. வாழ்க்கையில் முதல்தடவையாக யாழ்ப்பாணத்து வெயிலை நான் ஏசவில்லை.

பத்மாசினி விபூதியோடு திரும்பி வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் வாங்கு போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிப் பூனைகளும் உட்கார்ந்திருந்தன.

"உதுக்குள்ளை என்ன?"

"பூசணிக்காய்."

"பூசணிக்காய்க்கோ எங்கடை பூனை, பரமலிங்கத்தார் வீட்டுப் பூனை, றோட்டுப் பூனை எல்லாம் வந்து குந்தியிருக்குது?"

"சூடு தேடி வந்திருக்குதுகள்."

"உந்த வெயிலுக்கையோ?"

நான் பெட்டியை ஒரு சாண் திருப்பினேன். பேச்சையும் திருப்பலாம் என்று பார்த்தேன்.

"கோயில்லை நல்ல சனமோ?"

"ஓம். மகாதேவி அக்காவைக் கண்டனான். இண்டைக்கு மத்தியானம் மாதர் சங்கத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறா."

"எங்கை?"

"இஞ்சைதான். உங்கடை பெட்டியைப் பாக்க. நீங்கள்தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறியள். மூடியைத் திறந்து காட்டி, ஆளுக்கொரு கரண்டி குடுத்தா நல்லாயிருக்கும்."

மகாதேவி மாதர் சங்கத் தலைவி. ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்காமல் வீட்டுக்குப் போகாதவர். பத்மாசினி அந்தச் சங்கத்தின் செயலாளர். கொடியேறிய பிறகு, வெள்ளிக்கிழமையில், செயலாளரின் வளவில், சங்கம் முழுக்கப் பார்க்க மீன்சட்டி திறபட்டால் எனக்கு விழுகிற ஏச்சு ஒரு பக்கம் கிடக்கட்டும். பத்மாசினி எப்படி அவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பாள்?

"இண்டைக்கு வேண்டாம் பத்மா. முகில் வரும்போலை கிடக்கு."

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். முகில் என்று ஒன்று உண்டா என்று சந்தேகப்படும்படி வானம் கிடந்தது.

"முதல்லை போய் முழுகிப்போட்டு வாங்கோ. கையெல்லாம் என்னவோ மணக்குது."

சட்டியைத் தூக்கி வேலிக்கு அங்கால் கொடுத்துவிட்டால் போதும், தப்பிவிடலாம். ஆனால் அவள் துவாயையும் சவர்க்காரத்தையும் என் கையில் தந்து, கிணற்றடி மட்டும் கூடவே வந்து, நான் முதல் வாளி அள்ளி ஊற்றும்வரை நின்றாள். கிணற்றடியிலிருந்து பார்த்தால் கொட்டில் மறைக்கும், பெட்டி தெரியாது. தேசிக்காயை வெட்டி அதன் புளியால் கை தேய்த்தேன். தோல் எரிந்தது. மீன் மணம் போகவில்லை. நேரம் போவது தெரியாமல் திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

ஈரத்தலையோடு ஓடி வந்தேன். வளவுக்குள் சங்கம் வந்து நிறைந்துவிட்டது. பெட்டியைச் சுற்றிக் கதிரை போட்டு, கையில் தட்டும் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"தொடங்குங்கோ சேர்," என்றார் மகாதேவி.

தொடங்கினேன். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்திலிருந்து தொடங்கினேன். பேசிக்கொண்டே இருந்தால் பொழுது சாயும், பசித்தவர்கள் எழும்பிப் போவார்கள் என்று நம்பினேன். ஒளி எப்படி வெப்பமாகிறது என்று சொன்னேன். கண்ணாடி ஏன் வெப்பத்தை வெளியே விடாது என்று சொன்னேன். விறகுக்காக நாலு மைல் நடக்கிற தாய்மாரைப் பற்றிச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். என் வகுப்பறை ஞாபகம் வந்தது.

"எல்லாம் சரி சேர். சட்டியைத் திறவுங்கோ."

"திறந்தா வெப்பம் வெளிக்கிட்டிடும்."

"வெளிக்கிட்டா வெளிக்கிடட்டும். நாங்கள் பசியோடை வந்திருக்கிறம்."

"இன்னும் ஒரு அரை மணித்தியாலம்..."

"தள்ளுங்கோ," என்றாள் பத்மாசினி. பிடிதுணியோடு முன்னால் வந்தாள். கண்ணாடியைத் தூக்கினாள். சட்டி மூடியில் கை வைத்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகா என்றேன். இந்தத் திருவிழாவில் நான் மனதாரக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"நல்ல நிறமாய் வந்திருக்கு," என்றார் மகாதேவி.

கண்ணைத் திறந்தேன். சட்டிக்குள் பூசணிக்காய்.

மஞ்சள் மஞ்சளாய், கடுகு தாளித்து, கருவேப்பிலை மிதந்துகொண்டு, சுத்தச் சைவப் பூசணிக்காய். என் கைகள் தாமாகக் குவிந்தன. முருகன் மீனைப் பூசணியாக்கிவிட்டார். வேறு என்ன? விஞ்ஞானம் படிப்பித்த வாயால் நான் அரோகரா என்றேன். சங்கம் முழுக்க எழும்பி நின்று அரோகரா என்றது.

ஆளுக்கொரு கரண்டி போனது. மகாதேவி சப்புக்கொட்டி யோசித்தார்.

"சேர், ருசி நல்லாயிருக்கு. ஆனால் விறகுப் புகை மணக்குது. சூரியனிலையும் பனைமட்டையோ எரியுது?"

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். புகைக்கூண்டிலிருந்து மெல்லிய புகை இன்னும் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருப்பது சோற்றுக்கென்று நான் மை பூசிய மற்றச் சட்டி என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. முருகன் பாவம், அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. நான் வாயால் சொன்ன பொய்யைப் பத்மாசினி விறகடுப்பில் அவித்துக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"அது... சூரியனும் ஒரு நெருப்புத்தானே," என்றேன்.

"அப்பிடியோ," என்றார் மகாதேவி. சந்தேகம் தீர்ந்தது.

பத்மாசினி தொண்டையைச் செருமினாள். சங்கத்தில் தீர்மானம் வாசிக்கும் குரல் வந்தது.

"எல்லாருக்கும் ஒரு சந்தோசமான செய்தி. என்ரை கண் புகையிலை கெடக்கூடாதெண்டு இவர் கொடியேறின அண்டு நேர்ந்துகொண்டவர். திருவிழா முடியுமட்டும் இனி எங்கடை வீட்டுச் சமையல் முழுக்க இவர்தான். இந்தப் பெட்டியிலைதான். நான் எல்லாத் திருவிழாவுக்கும் நல்லூருக்குப் போகப்போறன். சூரிய பகவான்ரை அடுப்பு, மச்சம் கிட்டவும் போகாது. என்னங்கோ?"

சங்கம் கை தட்டியது. "இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைக்கும்," என்று பின்வரிசை பெருமூச்சு விட்டது. எல்லார் முகங்களும் என் பக்கம் திரும்பின. பத்மாசினி தலை நிமிர்ந்து நின்றாள். அதைப் பார்க்க எனக்கு உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

"ஓம்," என்றேன்.

கடைசித் தட்டும் கழுவி அவர்கள் படலை தாண்டியதும் வேலிக்கு ஓடினேன். கிறிஸ்துநாயகம் சாய்மனைக் கதிரையில் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தார்.

"மாஸ்ரர், நீங்கள் பெரிய மனிசன்."

"சட்டி எங்கை?"

"நீங்கள் முழுகேக்கை அக்கா வேலியாலை தந்தவ. உங்களுக்கு விரதத்தைக் குழப்ப மனம் வரேல்லையாம், முழுவதையும் நானே சாப்பிடட்டாம் எண்டு சொல்லிவிட்டியளாம். எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

"முழுவதையுமோ?"

"முள்ளைப் பூனையளுக்குப் போட்டனான்."

ஆக, அந்த மீனில் பூனைக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. மெல்லத் திரும்பி வீட்டுக்குள் வந்தேன். பத்மாசினி பின்னேரத் திருவிழாவுக்குச் சேலை உடுத்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா?

"பத்மா..."

"என்ன?"

"ஒண்டுமில்லை."

அவள் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டை வைத்தாள். குடையை எடுத்தாள். வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு ஒருமுறை திரும்பினாள்.

"மீன் நல்லா அவிஞ்சிருந்ததாம். உப்புத்தான் காணாதாம். நாளைக்குப் பருப்புக்குப் பாத்துப் போடுங்கோ."