இரும்புக்குப் பயந்த எஞ்சினியர்

பிள்ளைகளே, பேய்தான் இரும்புக்குப் பயப்படும் என்பார்கள். உலகத்திலே இரும்புக்குப் பயந்த ஒரே எஞ்சினியர் எங்கள் குளத்துக்கு வந்து சேர்ந்தார். ஊர் அவருக்குப் பேயார் என்றே பெயர் வைத்தது. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

சண்டை முடிந்த காலம். குளக்கட்டுக்கு அடியில் பாறை வெடித்து, தண்ணீர் களவாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே எங்கள் வயல்வட்டை முழுக்க விதைத்திருந்தோம். குளம் வற்றினால் பயிர் கருகும். அதனால் பாறையில் துளை போட்டு, வெடிப்புக்குள் சீமெந்துக் கரைசலை அமுக்கினார்கள். நிலத்துக்கடியில் அது எங்கே போகிறதென்று பார்க்கத்தான் பேயார். கரைசலில் காந்தத்தூளைக் கலப்பார். பக்கத்துத் துளையில் ஒரு கருவியை இறக்குவார். சீமெந்து அங்கே வந்தால் மேலே அளவுப்பெட்டியில் முள் ஆடும்.

முள்ளுக்குக் கிட்ட இரும்பு ஆகாது. குளக்கட்டில் ஏறுகிறவன் கத்தி, கதவுத் திறப்பு, பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு கையில் இடுப்பிலிருந்து அவிழும் சாரன், மறு கையில் பிளாஸ்டிக் வாளி என்று நடந்தோம். சோறு கொண்டுவந்த பூமணியக்காவையும் மறித்தார்.

"அக்கா, சேலையில ஊசி குத்தியிருக்கிறீங்களோ?"

"இரிக்கு சேர். கழட்டினா சேலையும் கழண்டிரும். உங்கட முள்ளு தாங்குமோ?"

பேயார் தானே இறங்கிவந்து சோற்றை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று முள் துள்ளி ஆடியது. வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் கைதட்டினார். "சீமெந்து வந்திட்டு சேர். நாளைக்கு மந்திரிப் பெரியவர் திறந்துவைக்க வாறார், குளக்கட்டில பந்தலும் போட்டாச்சு."

"இந்தப் பக்கம் நாம இன்னும் சீமெந்து அனுப்பவே இல்லையே."

"அது எங்களுக்கு முந்திப் போயிருக்கும் சேர்."

பேயார் சிரிக்கவில்லை. "பந்தல் இரும்புக் குழாய். கழட்டுங்க."

"பெரியவர் கோவிப்பார்."

"கோவிக்கட்டும்."

பந்தலைக் கழற்றினோம். முள் அப்போதும் ஆடியது. கண்ணிவெடி எடுப்பவர்கள் பார்த்துவிட்டுப் போன மண்தான். ஆனாலும் கிண்டக் கிண்ட ஷெல் துண்டுகளும் முட்கம்பியும் வந்தன. விதைத்தது இரண்டு பக்கமும், அறுவடை மட்டும் எங்களுக்கு. ஊரே கூடிப் பொறுக்கியது. பெரியவர் வேறெங்கோ எதையோ திறக்கப் போய்விட்டார்.

மண் சுத்தமானதும் முள் அசையாமல் நின்றது. சீமெந்து அங்கே வந்து சேரவேயில்லை என்று அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது. பிறகு அந்தப் பக்கத்துக்கும் அமுக்கினார்கள். முள் மெல்லமாய், வெட்கப்பட்டது போல் அசைந்தது. கட்டின் அடியில் கசிவு நின்றது.

"இப்ப சரி" என்றார் பேயார்.

அந்தப் போகம் வட்டை விளைந்தது. அறுவடைக்கு முன்பே அவர் முள்ளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதிர் முற்றிய ஒரு பின்னேரம் நான் தனியே குளத்துக்குப் போனேன். கத்தியையும் பெல்ட்டையும் கழற்றிக் கீழே கல்லில் வைத்துவிட்டு, ஒரு கையால் சாரனைப் பிடித்தபடி குளக்கட்டில் ஏறினேன்.